பிரிட்டனின் பிம், சிங்கப்பூரின் பிம்: கேட்டவர் யார் என்பதில் உள்ள வேறுபாடு

ஒரு கட்டடத்தின் முப்பரிமாண வடிவத்தையும் அதன் பாகங்களைப் பற்றிய தகவலையும் ஒரே கணினி மாதிரியில் சேர்த்துவைக்கும் கட்டடத் தகவல் மாதிரியாக்கத்தை, அதாவது துறையினர் பிம் என்று அழைப்பதை, அரசே முன்னின்று கட்டாயமாக்கிய நாடுகளில் பிரிட்டனும் சிங்கப்பூரும் முக்கியமானவை. பிரிட்டன் பணம் கொடுக்கும் உரிமையாளராக நின்று அதைக் கேட்டது. சிங்கப்பூர் அனுமதி வழங்கும் அதிகாரியாக நின்று கேட்டது.

சிங்கப்பூரில் 2013இல் 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களின் கட்டடக்கலைத் திட்டங்களில் தொடங்கிய கட்டாயம், 2015க்குள் 5,000 சதுர மீட்டர் வரை இறங்கியது. தனியார் கட்டடங்களும் இதில் அடங்கியதால் துறை முழுவதும் நகர்ந்தது. மென்பொருளுக்கும் பயிற்சிக்கும் 2010 முதலே மானியம் கொடுத்ததால் சிறு நிறுவனங்களாலும் ஈடுகொடுக்க முடிந்தது. இந்த விஷயத்தில் சிங்கப்பூரே மேல். ஆனால், பழைய வழக்கப்படி இரு பரிமாணத்தில் வரைந்து முடித்துவிட்டு, சமர்ப்பிப்பதற்காக மட்டும் மாதிரியை உருவாக்கும் பழக்கமும் அங்கே தலைதூக்கியது. ஏசி காற்று செல்லும் டக்ட் பீமில் முட்டுவதைக் கணினியிலேயே கண்டுபிடிப்பதுதான் பிம்மின் முதல் லாபம்; வரைந்தபின் மாதிரி செய்பவருக்கு அது கிடைக்கும்போது காலம் கடந்திருக்கும்.

பிரிட்டன் 2011இல் அறிவித்து, மத்திய அரசின் கொள்முதலில் வரும் திட்டங்களுக்கு 2016 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கியது. தனியார் துறையை அது நேரடியாகத் தொடவில்லை. எனினும், கட்டி முடித்தபின் பராமரிப்பவருக்கு என்ன தேவை என்ற கேள்வியை ஒப்பந்தத்திலேயே வைத்தது அதன் பெரிய பலம். ஒரு மருத்துவமனையின் நீரேற்று பம்பை எடுத்துக்கொள்வோம்: அது எந்த அறையில் உள்ளது, தயாரிப்பாளர் யார், வரிசை எண் என்ன, உத்தரவாதம் என்று முடிகிறது என்பவை கோபி எனப்படும் அட்டவணை வடிவில் ஒப்படைக்கப்பட வேண்டும். வண்ணமயமான முப்பரிமாணப் படத்தைவிட, பம்ப் பழுதாகும் நாளில் பராமரிப்புப் பொறியாளருக்கு உதவுவது இந்தத் தகவல்தான். பிம் தகவலைக் கையாள்வதற்கான பிரிட்டனின் 1192 வரிசைத் தரங்களின் அடிப்படையில் 2018இல் ஐஎஸ்ஓ 19650 என்ற சர்வதேசத் தரம் உருவானதும் தற்செயலன்று.

ஆகவே, பாலங்களையும் மருத்துவமனைகளையும் பல பத்தாண்டுகள் தானே பராமரிக்கப்போகும் அரசுக்கு பிரிட்டனின் வழியே பொருத்தம் என்பது என் கருத்து. சிங்கப்பூரின் மானியத்தை அதனுடன் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. 2023இல் கட்டட அனுமதிக்கான கோர்நெட் எக்ஸ் என்ற இணையத் தளத்தைத் தொடங்கிய சிங்கப்பூர், எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய ஐஎஃப்சி வடிவத்தைத் தன் தேவைக்கேற்ப வகுத்துக் கேட்கிறது. மாதிரிக்குள் இருக்கும் தகவலின் ஒழுங்கில் அதன் கவனமும் திரும்பியிருக்கிறது. ஏற்கெனவே நிற்கும் கட்டடங்கள் விஷயத்தில் இரு ஆணைகளாலும் பெரிய பயனில்லை, ஏனெனில் லேசர் ஸ்கேன் சுவரின் அளவைத் தந்தாலும் உள்ளே ஓடும் குழாய் எந்த ஆண்டு மாற்றப்பட்டது என்பதற்குப் பழைய பதிவேட்டைத்தான் தேட வேண்டியிருக்கிறது.