ஈஸ்டுக்குக் கீரை ஊட்டமாகுமா? நான்கு ஜாடித் தேன்காடியும் ஒரு கணக்கும்

தேன்நீர் மூன்றாம் நாள் அழுகிய முட்டைபோல் நாறினால், பெரும்பாலும் ஈஸ்ட் பசியில் இருக்கிறது என்று பொருள். சென்ற ஆண்டு சித்திரையில், சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டுச் சமையலறையில் வைத்த ஜாடி அப்படித்தான் நாறியது. ஏற்காட்டுக்கு மேலே நாகலூரிலிருந்து வந்த நல்ல தேன், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், வெயிலில் காயவைத்த கண்ணாடி ஜாடி என்று எல்லாம் சரியாகவே இருந்தன. குறை தேனின் இயல்பிலேயே இருந்தது. தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை, மீதியில் பெரும்பகுதி தண்ணீர். ஈஸ்ட் பெருகுவதற்குத் தேவையான நைட்ரஜன் அதில் மிகச் சொற்பம். பிள்ளைக்குச் சோறு மட்டும் போட்டுப் பருப்பைக் கண்ணிலேயே காட்டாமல் வளர்ப்பது போன்றது அது.

நான் செய்வது காடி. சிலர் புளித்த கஞ்சியையும் காடி என்பார்கள். நான் சொல்வது வினிகரை. வீட்டில் மது காய்ச்சுவது தமிழ்நாட்டில் குற்றம். அதிலும் எங்கள் மாவட்டத்துக்கு ஒரு தனி வரலாறு உண்டு: ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, 1937 அக்டோபர் 1 அன்று, சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது சேலம் மாவட்டத்தில்தான். ஆனால் காடிக்கும் முதல் படி ஈஸ்டின் வேலைதான். அது சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்கி முடித்தால்தான் அடுத்த படியில் காற்றோடு வரும் பாக்டீரியா அந்த ஆல்கஹாலைப் புளிப்பாக்கும். முதல் படி பாதியில் நின்றுவிட்டால் காடியும் அரைகுறைதான்.

கீரை யோசனையைத் தந்தவன் இங்கிலாந்தில் இருக்கும் என் தம்பி. அங்கே 1963இலிருந்து வீட்டில் சொந்தத் தேவைக்குப் பீர் நொதிக்கவைக்க உரிமம் தேவையில்லை. தோட்டத்து வேலியில் வளரும் சொறிச்செடியின் (ஆங்கிலத்தில் நெட்டில்) கொழுந்தைக் கொதிக்கவைத்து, அந்தச் சாற்றில் பானம் செய்வது அங்குள்ள பழைய வழக்கம். "அக்கா, நம் மலையில் கிடைக்காத கீரையா? நாலு பிடி பறித்துப் போடுங்கள், ஈஸ்ட் தானாக எழுந்துவிடும்" என்றான். எனக்கும் நியாயமாகவே பட்டது. கீரை என்றாலே சத்து என்றுதானே வளர்ந்திருக்கிறோம்!

நான்கு ஜாடிகள் வைத்தேன். ஒவ்வொன்றிலும் 4 லிட்டர் தண்ணீர், சுமார் 500 கிராம் தேன், ஒரு சிட்டிகை பேக்கரி ஈஸ்ட். ஒன்றில் முருங்கைச் சாறு, ஒன்றில் முள்ளுக்கீரைச் சாறு, ஒன்றில் கொதிக்கவைத்துக் கொன்ற ஈஸ்ட், ஒன்றில் எதுவும் இல்லை. கேழ்வரகு முளை பிறகு வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் முருங்கை. காட்டுக்கீரை என்று அதைச் சொல்வது சரியில்லைதான். ஆனால் வேலியோரம் யாரும் நீர் ஊற்றாமல் வளரும் மரத்திலிருந்து பறித்தேன். 100 கிராம் முருங்கைக்கீரையில் ஆறு கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது; கீரைகளில் அது பெரிய அளவு. புரதத்தில் ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன் என்று கொண்டால், 100 கிராமில் சுமார் 1 கிராம் நைட்ரஜன். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

மகிழ்ச்சி நிலைக்கவில்லை. ஈஸ்டுக்குப் பல்லும் இல்லை, நம்மைப்போல் வயிறும் இல்லை. முழுப் புரதத்தை உடைத்துத் தின்ன அதற்குப் பெரும்பாலும் தெரியாது. தனித்தனியாகக் கிடக்கும் அமினோ அமிலங்களையும், சிறு துண்டுகளையும், அம்மோனியத்தையும் மட்டுமே அது உள்ளே இழுத்துக்கொள்ளும். கீரையைக் கொதிக்கவைக்கும்போது புரதம் உறைந்து சக்கையிலேயே தங்கிவிடுகிறது. சாற்றில் இறங்குவது பச்சை நிறம், உப்புகள், கொஞ்சம் அமினோ அமிலம். மொத்த நைட்ரஜனில் பத்தில் ஒரு பங்கு இறங்கியதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 100 கிராம் கீரைக்கு 100 மில்லிகிராம். இவ்வளவு இலேசான தேன்நீருக்கு லிட்டருக்கு 100 முதல் 150 மில்லிகிராம் வேண்டும் என்று வைத்து நான் கணக்கிடுகிறேன். நான்கு லிட்டருக்கு ஏறத்தாழ 500. அப்படியென்றால் ஆய்ந்து எடுத்த இலை மட்டும் அரைக் கிலோ! அதைப் போட்டால் ஜாடியில் இருப்பது முருங்கைக்கீரை ரசம், தேன்காடி அல்ல. நான் போட்டது 150 கிராம். அதற்கே நிறம் பாசி பிடித்த குட்டைபோல் ஆயிற்று. முருங்கை இலையில் கடுகைப் போன்ற கந்தகச் சேர்மங்களும் உண்டு; பச்சை இலையை மென்றால் நாக்கில் ஏறும் காரம் அதனால்தான். அந்த வாசம் காடியாக மாறிய பிறகும் போகவில்லை.

ஒன்றை மட்டும் முருங்கைக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். எதுவும் போடாத ஜாடியைவிட அது ஒழுங்காக ஓடியது. நைட்ரஜனைவிடப் பொட்டாசியம் போன்ற உப்புகளே இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். தேனில் தாது உப்புகள் குறைவு. ஈஸ்ட் வேலை செய்யச் செய்ய தேன்நீரின் புளிப்பு சட்டென ஏறி, அந்தப் புளிப்பிலேயே ஈஸ்ட் திணறும். கீரைச் சாறு அதைத் தாங்கிப் பிடிக்கிறது.

முள்ளுக்கீரையைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதில்தான் நான் முழுதாக ஏமாந்தேன். குப்பைமேட்டிலும் மாட்டுத்தொழுவத்தின் பின்புறமும் முள்ளுக்கீரையும் குப்பைக்கீரையும் இடுப்புயரம் வளரும். எரு நிறைந்த மண்ணில் இவ்வளவு செழிப்பாக வளர்வதில் நைட்ரஜன் கொட்டிக்கிடக்கும் என்று எண்ணினேன். கொட்டித்தான் கிடக்கிறது, ஆனால் கணிசமான பகுதி நைட்ரேட் வடிவில். இந்தக் கீரை இனம் மண்ணிலிருந்து உறிஞ்சிய நைட்ரேட்டைத் தண்டிலும் இலையிலும் சேர்த்து வைக்கும் பழக்கம் உள்ளது. ரொட்டிக்கும் மதுவுக்கும் பயன்படும் சாதாரண ஈஸ்டுக்கோ நைட்ரேட்டைத் தின்னவே தெரியாது. ஜாடி முழுக்க நைட்ரஜன் மிதக்க, ஈஸ்ட் அதன் நடுவே பட்டினி கிடக்கும். எரு அதிகமான இடத்தில் பறித்தால் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். போதாக்குறைக்கு ஆக்சாலிக் அமிலமும் வெந்நீரில் இறங்குகிறது. குடித்தால் பல்லில் ஒருவிதக் கூச்சம். நான்காம் நாள் அந்த ஜாடியும் நாறியது. எதுவும் போடாத ஜாடிக்கும் அதற்கும் என் மூக்குக்கு வேறுபாடு தெரியவில்லை.

பருப்புக்கீரையைத் தனியாகச் சிறு பாட்டிலில் வைத்துப் பார்த்தேன். அதிலும் ஆக்சாலிக் அமிலம் அதிகம். வழவழப்பு வேறு, வடிகட்டவே முடியவில்லை. அதோடு விட்டுவிட்டேன்.

சொறிச்செடிக்கு வருகிறேன். இங்கே கவனம் தேவை. ஆங்கிலச் சமையல் குறிப்பைப் படித்துவிட்டு, தொட்டால் அரிக்கும் செடி என்ற ஒரே பொருத்தத்தில் நம் காஞ்சொறியைப் பறிக்கப் போகிறவர்கள் உண்டு. தம்பி சொன்ன செடி வேறு குடும்பம்; நம் காஞ்சொறி ஆமணக்கின் குடும்பம். அரிப்பு ஒன்றே தவிர இரண்டுக்கும் உறவில்லை. காஞ்சொறி சித்த மருத்துவத்தில் பயன்படுகிறது என்பதற்காக அதை லிட்டர் கணக்கில் ஊறவைத்துக் குடிக்கலாம் என்று ஆகாது. நான் அதைத் தொடவில்லை, யாரும் தொட வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன்.

பறிக்கும் இடமும் முக்கியம். சேலத்துக்குள் திருமணிமுத்தாற்றங்கரையில் கீரை பசுமையாகத்தான் இருக்கிறது. அந்தத் தண்ணீரைப் பார்த்தவர்கள் அதைப் பறிக்க மாட்டார்கள். மலையில் காபித் தோட்டத்துக்குள் களைக்கொல்லி அடித்திருக்கலாம். மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிப்புகை படிந்த ஓரங்களைத் தவிர்த்துவிட வேண்டும். சாற்றைச் சுண்டவைக்கும்போது நல்லது மட்டுமா சுண்டும்?

இனி கீரையோடு போட்டியிடுபவை. உலர்திராட்சை போட்டால் போதும் என்று பலர் சொல்வார்கள். 25 உலர்திராட்சை சுமார் 12 கிராம். அதிலுள்ள மொத்த நைட்ரஜனே 60 மில்லிகிராம்தான் தேறும். அதிலும் ஒரு பகுதி புரோலின் என்ற அமினோ அமிலம், காற்றில்லாத ஜாடியில் ஈஸ்ட் அதைத் தொடாது. திராட்சை ஜாடிக்கு அழகு, அவ்வளவே.

டி.ஏ.பி. என்றதும் சேலத்துக்காரர்களுக்கு உர மூட்டைதான் நினைவுக்கு வரும். அதே டைஅம்மோனியம் பாஸ்பேட்டை உணவுத் தரத்தில் தயாரித்து ஈஸ்டுக்கு ஊட்டமாகத் தருவது மது வடிப்பில் வழக்கம். ஒரு கிராமில் சுமார் 210 மில்லிகிராம் நைட்ரஜன், முழுவதும் அம்மோனிய வடிவில். எண்ணிக்கையில் இதை எதுவும் வெல்லாது, 2.5 கிராம் போட்டால் என் ஜாடியின் தேவை முடிந்தது. ஆனால் அதில் வைட்டமின் இல்லை, மக்னீசியம் இல்லை. உர மூட்டையிலிருந்து ஒரு கரண்டி எடுத்துப் போடவே கூடாது. உரத்தில் காட்மியம் போன்ற உலோகக் கசடுகள் இருக்கலாம். அது மண்ணுக்காகச் செய்தது.

கொதிக்கவைத்த பேக்கரி ஈஸ்ட்தான் நான்கு ஜாடிகளில் முந்தியது. உலர் ஈஸ்டில் கிட்டத்தட்டப் பாதி புரதம். அதை ஒரு டம்ளர் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கொதிக்கவிட்டால் உயிர் போய், உடலின் சவ்வு சிதைந்து, உள்ளிருக்கும் அமினோ அமிலமும் பி வைட்டமின்களும் தாதுக்களும் வெளியே வருகின்றன. உயிருள்ள ஈஸ்டுக்கு என்னென்ன தேவையோ, இறந்த ஈஸ்டுக்குள் அவை எல்லாம் அளவாகவே இருக்கும். நான்கு லிட்டருக்கு 10 கிராம் எடுத்தேன். முதல் நாள் பாதி, மூன்றாம் நாள் பாதி. எட்டாம் நாள் நுரை அடங்கியது. நாற்றம் ஒருமுறைகூட வரவில்லை. சேலத்துச் சித்திரை வெயிலில், வீட்டுக்குள்ளேயே 35 டிகிரி இருக்கும்போது, இது சாதாரண விஷயமல்ல. வெப்பம் கூடினால் ஈஸ்ட் வேகமாகப் பெருகும், பசியும் அதிகம்.

கேழ்வரகைச் சொன்னவர் நாகலூரில் எங்களுக்குத் தேன் தரும் அத்தை. நான் கீரைக் கட்டோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, "இது கடைந்து தின்கிற கீரை, கண்ணு. தேனில் எதற்குப் போடுகிறாய்? புளிக்க வேண்டுமென்றால் முளைத்த கேழ்வரகைப் போடு" என்றார். எப்படி என்று விளக்கவில்லை. காரணம் எனக்குப் பின்னால்தான் புரிந்தது. கீரையில் பூட்டிக் கிடக்கும் புரதத்தைத் திறக்க ஆளில்லை. முளைவிடும் தானியமோ தன் குருத்துக்கு ஊட்டத் தானே புரதத்தை உடைத்து அமினோ அமிலமாக்குகிறது. குருத்துக்காகச் செய்த அந்த வேலை ஈஸ்டுக்கும் பயன்படுகிறது.

பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, துணியில் கட்டி இரண்டு நாள் முளைக்கவிட்டு, நிழலில் உலர்த்தி அரைத்த மாவு 100 கிராம். கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேலான வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்து, அந்த வடிநீரைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்துச் சேர்த்தேன். ஓட்டத்தில் இறந்த ஈஸ்டைவிட மூன்று நாள் பின்தங்கியது. கொஞ்சம் கலங்கலும் இருந்தது. ஆனால் சுவையில் அது வேறு ரகம். வறுத்த தானியத்தின் மெல்லிய வாசம் தேனோடு ஒட்டிக்கொண்டது. ஈஸ்ட் ஜாடிக் காடியில் ரொட்டிக்கடை வாசம் லேசாக இருக்கிறது, சிலருக்கு அது பிடிக்காது.

தாதகிப்பூவைச் சொல்லாமல் விட்டால் நாட்டு மருந்து அறிந்தவர்கள் கேட்பார்கள். அரிஷ்டம், ஆசவம் செய்யும்போது நொதிப்பதற்காகச் சேர்க்கும் பூ அது. பூவின் மேல் ஈஸ்டும் தேன்துளியும் உண்டு, துவர்ப்பும் உண்டு. நொதிப்பைத் தொடக்கிவைக்க நல்லது. அடுத்தடுத்த நாள்களில் சாப்பாடு போடும் வேலையை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

தேனே மாறினால் கணக்கும் மாறும். இயந்திரத்தில் சுற்றி வடிகட்டிய பெட்டித் தேனைவிட, அடையோடு பிழிந்த மலைத்தேனில் மகரந்தம் அதிகம், மகரந்தத்தில் புரதம் உண்டு. குறிஞ்சி நிலத்தார் தேனை மூங்கில் குழாயில் முற்றவைத்துத் தேறல் எடுத்ததைச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. அவர்கள் ஊட்டம் எதுவும் சேர்க்காமல் சமாளித்தது பிழிந்த தேனால்தானோ என்பது என் ஊகம்.

இப்போது கோடையில் சேலத்தில் வைக்கும் ஜாடிக்கு இறந்த ஈஸ்ட். ஐப்பசி, கார்த்திகையில் நாகலூரில் வைக்கும் ஜாடிக்குக் கேழ்வரகு. அங்கே குளிரில் அவசரம் எதுவும் இல்லை, மூன்று நாள் பிந்தினால் பிந்தட்டும். சென்ற முறை அத்தை கட்டிக் கொடுத்த பண்ணைக்கீரையைப் பூண்டும் சின்ன வெங்காயமும் போட்டுக் கடைந்து, களியோடு தின்றோம். ஜாடியின் வாயில் வெள்ளைத்துணி கட்டியிருக்கிறேன். மேலே காடிப் படலம் மெல்லிய ஆடைபோல் படியத் தொடங்கியிருக்கிறது.