ஈஸ்டர் அன்று தொடங்கும் ஐம்பது நாள் வாசிப்புத் திட்டம்: கேட்டும் படித்தும் பார்த்ததில்

வேதாகமச் செயலிகளில் ஈஸ்டர் வாசிப்புத் திட்டம் என்று தேடினால் வருவதெல்லாம் ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான லெந்து கால நாற்பது நாள்தான். சாம்பல் புதனில் ஆரம்பித்து, பெரிய வெள்ளியில் உச்சத்துக்குப் போய், ஈஸ்டர் காலையில் ஒரு வாழ்த்துப் படத்தோடு முடிந்துவிடும். கல்லறை திறந்ததும் கடையை மூடிவிடுகிறார்கள். இந்தத் திட்டம் அந்த நாளில் தொடங்கி, ஐம்பதாம் நாளான பெந்தெகொஸ்தே பண்டிகை வரைக்கும் ஓடுகிறது. எனக்கு அதுவே போதுமான காரணமாக இருந்தது. குறைகளையும் எழுதப்போவதால் செயலியின் பெயரைச் சொல்லவில்லை. இலவசமாகக் கொடுக்கிறார்கள், பாவம். தவிரவும், இந்த மாதிரிச் செயலிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வார்ப்புதான்.

ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வேதபகுதி, அதன் ஒலிப்பதிவு, ஒரு சின்னக் குறிப்பு, கடைசியில் ஒரு கேள்வி. எழுத்தைப் பெரிதாக்கலாம், இணையம் இல்லாமலும் படிக்கலாம். இதெல்லாம் சரி.

உண்மையான அருமை முதல் வாரத்தில் இருக்கிறது. நான்கு சுவிசேஷங்களின் உயிர்த்தெழுதல் அதிகாரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது. நான் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறவள். நாலையும் கலந்து ஒரே கதையாகச் சொல்லித்தான் பழக்கம். இங்கே அப்படிக் கலக்கவில்லை. மத்தேயுவில் பூமி அதிர்கிறது, தூதன் கல்லின்மேல் உட்கார்ந்திருக்கிறான். மாற்குவில் உள்ளே ஒரு வாலிபன். லூக்காவில் இரண்டு பேர். யோவானில் மகதலேனா மரியாள் தனியாக நின்று அழுகிறாள். வித்தியாசங்களை மழுப்பாமல், விளக்கிச் சமாதானம் சொல்லாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். சினாய், வத்திக்கான் சுவடிகள் போன்ற மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் மாற்கு 16 எட்டாம் வசனத்தோடு நின்றுவிடுகிறது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்கிறார்கள். பயந்துபோன பெண்கள் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமல் ஓடுகிற வசனம் அது. அந்த ஓட்டத்துக்கு முன்னால் அவர்களிடம் கொடுத்த செய்தியில் ஒரு சின்ன விஷயம் உண்டு: சீஷரிடத்தில் மட்டுமல்ல, பேதுருவிடத்திலும் போய்ச் சொல்லச் சொல்கிறான் அந்த வாலிபன். பேதுருவைத் தனியாகப் பேர் சொல்வது மாற்குவில் மட்டும்தான். இதைக் குறிப்பில் எழுதியிருப்பவர் யாரோ, நன்றாகப் படித்தவர்.

பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும்போது இன்னொன்று தானாகவே கண்ணில் படுகிறது. உயிர்த்தெழுந்தவரைக் கண்ட யாரையும் அங்கேயே உட்கார விடுவதில்லை. மரியாளிடம், என்னைத் தொடாதே, என் சகோதரரிடம் போய்ச் சொல் என்கிறார். பூட்டிய அறைக்குள் இருந்தவர்களிடம், பிதா என்னை அனுப்பினதுபோல நானும் உங்களை அனுப்புகிறேன் என்கிறார். எம்மாவு என்ற கிராமத்துக்குப் போன இரண்டு சீஷரை யாரும் போகச் சொல்லவே இல்லை. பொழுது சாய்ந்துவிட்டது என்று அவரைத் தடுத்து நிறுத்தியவர்கள், அப்பம் பிட்கும்போது அடையாளம் கண்டதும், அந்நேரமே எழுந்து வந்த வழியே எருசலேமுக்குத் திரும்பி நடக்கிறார்கள். ஏழெட்டு மைல், இருட்டில். உயிர்த்தெழுதலும் அழைப்பும் இரண்டு தனித்தனிப் பாடம் இல்லை என்று நான் வகுப்பில் எத்தனை விதமாகச் சொல்லியும் பிள்ளைகள் மனதில் நிற்காதது, இந்த நாலு பத்தியில் நின்றுவிட்டது.

ஒலிப்பதிவு பற்றி. வாசிப்பவருக்கு நல்ல குரல், நிதானம். ஆனால் பின்னால் ஒரு இசை. தோட்டத்தில் இயேசு "மரியாளே" என்கிற இடத்தில் வயலின்கள் எல்லாம் ஒன்றாக எழும்பி அந்த ஒரு சொல்லையே மூடிவிடுகின்றன. தோட்டக்காரன் என்று நினைத்து அவள் பேசிக்கொண்டிருக்க, பேர் சொல்லிக் கூப்பிட்டதும் தெரிந்துகொள்கிற இடம் அது. அங்கே சத்தம் எதற்கு? அமைப்புகளுக்குள் நாலு அடுக்கு தள்ளி இசையை நிறுத்தும் வழி இருக்கிறது. முதல் வேலையாக அதைச் செய்யுங்கள்.

அப்புறம் அந்தத் தொடர்வாசிப்புக் கணக்கு. ஒரு நாள் தவறினால் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்து, கூடவே ஒரு சோக முகம். சீஷர்களில் ஒருவனான தோமா, உயிர்த்தெழுந்த முதல் ஞாயிறு கூட்டத்துக்கே வராதவன். எட்டு நாள் கழித்து அவனுக்காகவே ஆண்டவர் மறுபடியும் வந்தார். செயலிக்கு அந்தப் பொறுமை இல்லை.

இனி என் பெரிய குறை. யோவான் 21-க்கு ஒரு வாரமே ஒதுக்கியிருக்கிறார்கள், அதில் பாதி மிக நன்றாக இருக்கிறது. இரவு முழுக்க ஒன்றும் அகப்படாத வலை, விடியற்காலையில் 153 மீன், கரையில் கரிநெருப்பு. திரையில் அந்தக் கரிநெருப்பு என்ற சொல்லைத் தொட்டால் யோவான் 18-க்குப் போகிறது. பேதுரு குளிர்காய்ந்துகொண்டே இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்ததும் கரிநெருப்பின் பக்கத்தில்தான். அந்த மூன்று மறுதலிப்புக்கு இங்கே, என்னை நேசிக்கிறாயா என்று மூன்று கேள்வி. மூன்றாம் தரம் கேட்டதும் அவன் துக்கப்படுகிறான். குறிப்பு அதை அவசரமாகத் தேற்றாமல் விட்டிருப்பது எனக்குப் பிடித்தது.

ஆனால் அன்றைய பகுதி 15 முதல் 17 வரை. அடுத்த நாள் 20-இலிருந்து தொடங்குகிறது. 18, 19 எங்கே? முதுமையில் நீ உன் கைகளை நீட்டுவாய், வேறொருவன் உனக்கு அரைக்கச்சை கட்டி, உனக்கு இஷ்டமில்லாத இடத்துக்குக் கொண்டுபோவான் என்று ஆண்டவர் சொல்கிற இடம். அதைச் சொல்லிவிட்டுத்தான் "என்னைப் பின்பற்றி வா" என்கிறார். அந்த வாக்கியமும் 19-லேயே இருக்கிறது. அழைப்பைப் பற்றிய வாரத்தில் அழைப்பின் வசனத்தையே காணோம்! அதற்குப் பதில் குறிப்பில், தேவன் உன் கனவுகளை நிறைவேற்ற உன்னை அழைக்கிறார் என்று எழுதியிருக்கிறது. பேதுருவின் கனவு எதுவும் அந்த அதிகாரத்தில் நிறைவேறவில்லை. ஆடுகளை மேய்க்கும் வேலையும், சாவு எப்படி இருக்கும் என்ற தகவலும்தான் அவனுக்குக் கிடைத்தன. முதல் வாரக் குறிப்பை எழுதியவர் இதை எழுதியிருக்க வாய்ப்பில்லை என்றே நினைக்கிறேன்.

மறுநாள் கொஞ்சம் சுதாரித்துக்கொள்கிறார்கள். பக்கத்தில் வரும் சீஷனைக் காட்டி, ஆண்டவரே இவன் காரியம் என்ன என்று பேதுரு கேட்க, உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா என்று பதில் வருகிறது. அன்றைய கேள்வி: இப்போது யாரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்? பதில் எழுதும் கட்டத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை. யாரென்று எனக்குத் தெரியும்.

பின்வாரங்களில் அனனியாவுக்கு ஒரு முழு நாள் கொடுத்திருப்பது நல்ல யோசனை. பின்னால் பவுல் என்று அறியப்பட்ட சவுல், வழியில் வெளிச்சத்தைக் கண்டு விழுந்த கதையைத்தான் எல்லோரும் சொல்வோம். தமஸ்குவில் இருந்த இந்த மனிதனுக்கு வெளிச்சமும் இல்லை, விழுதலும் இல்லை. நேர்த்தெருவு, யூதாவின் வீடு என்று முகவரி மட்டும் வருகிறது. அந்தச் சவுல் எருசலேமில் உம்முடைய பரிசுத்தவான்களுக்குச் செய்த தீங்கை நான் கேள்விப்பட்டிருக்கிறேனே என்று தயங்குகிறான். போனவுடன் சொல்கிற முதல் வார்த்தை "சகோதரனாகிய சவுலே". பெரும்பாலோருக்கு வருகிற அழைப்பு இந்த அளவுதான் இருக்கும், சவுலுடையது மாதிரி இருக்காது.

1 கொரிந்தியர் 15-ஐக் கடைசி வாரத்தில் வைத்திருக்கிறார்கள். நானாக இருந்தால் முதலில் வைப்பேன். சுவிசேஷங்களுக்கு முன்பே எழுதப்பட்ட நிருபம் அது. கேபா என்ற பேதுருவுக்கும், பன்னிருவருக்கும், ஐந்நூறு பேருக்கு அதிகமானவர்களுக்கும் தரிசனமானார் என்று பவுல் அடுக்குகிற பட்டியலில் கல்லறைக்குப் போன பெண்கள் இல்லை. அதைப் பற்றிக் கேள்வி கேட்க செயலிக்குத் துணிச்சல் இருந்தது, அதற்கு ஒரு சபாஷ்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். குழுவாகப் படிக்கிறவர்களுக்கு முதல் வாரம் மட்டுமே போதும். பகிரும் பொத்தான் குறிப்பை மட்டும்தான் அனுப்பும், வேதபகுதியை அனுப்பாது. யோவான் 21 வரும் வாரத்தில் செயலியை மூடிவிட்டு, கையில் இருக்கும் வேதாகமத்தில் அதிகாரம் முழுவதையும் வாசித்துக்கொள்ளுங்கள், 18, 19 சேர்த்து.