லென்ஸுக்குப் பணம் வாங்கிக்கொண்டு பிளரைப் பூசித் தந்தார்கள்

கல்யாணப் படம் எடுக்க முன்பணம் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். திருச்சியில் என் தங்கையின் திருமணத்துக்கு நாங்கள் அமர்த்திய ஸ்டுடியோ, மணமக்களின் தனிப்படங்களுக்கென்று கூடுதலாக ஒரு தொகை வாங்கியது. காரணத்தையும் விலைப்பட்டியலில் எழுதியிருந்தார்கள்: ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமரா, 85 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ். எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு பெரிது, பின்னணியும் அதிகம் மங்கும். காட்டிய மாதிரி ஆல்பமும் அதற்கேற்ப இருந்தது. முகம் மட்டும் தெளிவாக, பின்னால் மண்டப விளக்குகள் வட்ட வட்டமாகக் கரைந்து, எதிலும் குறை காணும் அம்மாவுக்கே பிடித்துவிட்டது.

வந்த படங்களைக் கைப்பேசியில் பார்த்தவரை ஒன்றும் தெரியவில்லை. கணினியில் பெரிதாக்கியதும் குட்டு உடைந்தது. தங்கையின் ஜிமிக்கியில் மேல்பாதிதான் இருக்கிறது; கீழே தொங்கும் முத்துகள் பின்னணியோடு குழைந்துவிட்டன. மல்லிகைச் சரத்தின் ஓரம் கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல் இருக்கிறது. இடுப்பில் கை வைத்து நிற்கும் படத்தில், கைக்கும் உடம்புக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் பின்சுவர் பளிச்சென்று தெரிகிறது. கையைத் தாண்டினால் அதே சுவர் மங்கல்! உலகத்தில் எந்த லென்ஸும் இப்படி எடுக்காது. இது பிளர், அதாவது மென்பொருளால் பின்னணியில் பூசிய மங்கல்.

லென்ஸ் தரும் மங்கல் தூரத்தைப் பொறுத்தது. 85 மி.மீ. லென்ஸை 1.4-இல் வைத்து, 2 மீட்டர் தள்ளி நிற்பவரை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ நாலரை சென்டிமீட்டர்தான். கண்ணில் ஃபோகஸ் வைத்தால் காதே லேசாக மங்கத் தொடங்கிவிடும். முழு உருவப் படமென்றால் தரை காலடியில் தெளிவாக இருந்து, பின்னால் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். எங்கள் படங்களில் மூக்கும் காதும் ஒரே தெளிவு. தரையோ பாதத்தைச் சுற்றி ஒரு விரற்கடை விட்டதும் மொத்தமாகக் காணாமல் போகிறது. வட்டமாக விரிய வேண்டிய சீரியல் விளக்குகள் வெறும் கலங்கல்.

நலங்குப் படத்தைப் பார்த்தபோதுதான் உண்மையில் கோபம் வந்தது. பாட்டி தங்கையின் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார். இருவரும் கேமராவிலிருந்து ஒரே தூரம். மென்பொருள் பாட்டியைப் பின்னணி என்று முடிவு செய்துவிட்டது. தங்கையின் கன்னத்தைத் தொடும் பாட்டியின் விரல்கள் தெளிவாக இருக்கின்றன. அவர் முகத்தையோ பின்னாலுள்ள தூணோடு சேர்த்து மங்கலாக்கியிருக்கிறார்கள். ஆல்பத்துக்கு அனுப்பும் முன் ஒருவராவது அந்தப் படத்தைக் கண்ணால் பார்த்தார்களா?

கோப்பின் விவரங்களைத் திறந்து பார்த்தேன். லென்ஸ், அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பின் எஃப் எண்) எல்லாவற்றையும் கேமராவே அதில் எழுதிவைக்கும். பெரும்பாலான கோப்புகளில் அதைத் துடைத்திருந்தார்கள். துடைக்க மறந்த சிலவற்றில் இருந்தது 55 மி.மீ., எஃப் 5.6. அதாவது கேமராவோடு சேர்த்தே விற்கும் 18-55 கிட் லென்ஸின் அளவு.

மென்பொருளில் பிளர் செய்வதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஐபோன் 7 பிளஸில் 2016-இலேயே வந்துவிட்டது. படங்களைத் திருத்தும் லைட்ரூம் மென்பொருளிலும் 2023 முதல் இருக்கிறது. கைப்பேசியில் சும்மா கிடைப்பதற்கு லென்ஸ் பெயரைச் சொல்லி ஏன் பணம் வாங்க வேண்டும்? இதைத்தான் கேட்டேன். எல்லாரும் இப்போது இப்படித்தான் செய்கிறார்கள் சார், உங்களைப்போல் யாரும் பெரிதாக்கிப் பார்ப்பதில்லை என்று பதில் வந்தது. சரி, பிளர் பூசுவதற்கு முந்தைய மூலக் கோப்புகளையாவது கொடுங்கள் என்றேன். மெமரி கார்டை அழித்துவிட்டார்களாம்.

ஆகவே, எந்த லென்ஸ் என்பதையும், ரா கோப்புகளை (கேமரா பதிவுசெய்த, திருத்தாத மூலக் கோப்புகள்) எத்தனை மாதம் வைத்திருந்து தருவார்கள் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பொறுக்கியெடுத்த ஆல்பத்தை நம்பாமல், ஒரே திருமணத்தின் எல்லாப் படங்களையும் காட்டச் சொல்லுங்கள். மீதித் தொகையைக் கொடுப்பதற்கு முன் ஜிமிக்கி, முடியோரம், கையிடுக்கு மூன்றையும் முழு அளவில் பாருங்கள். ரசீது கட்டாயம்.

ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்கும் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. நாங்கள் மீதியை நிறுத்திவைத்துப் புகாரும் கொடுத்துவிட்டோம். அதன் பிறகு ஸ்டுடியோவிலிருந்து செய்தி வந்தது: பாட்டி படத்தின் மூலக் கோப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்களாம். அழித்துவிட்டதை எங்கே தேடுகிறார்களோ, தெரியவில்லை.