மூன்று வருடமாக அடுக்குக் காயில் சுற்றிய அனுபவம்

கையால் சுழற்றிக் காயில் (கம்பிச் சுருள்) சுற்றும் மெஷினை வாங்கி மூன்று வருடம் ஆகிறது. மிக உயர்ந்த வோல்டேஜில் பொறி பறக்கவிடும் டெஸ்லா காயிலுக்குக் கரண்ட் கொடுக்கும் 4,000 வோல்ட் டிரான்ஸ்பார்மரை நானே சுற்ற வேண்டும் என்ற ஆசையில் வாங்கியது.

முதலில் சுற்றியது ஒரே வாரத்தில் போய்விட்டது. உள்ளேயிருந்து 'உஸ்' என்று சத்தம், பின்னாலேயே கம்பியின் மேல்பூச்சான எனாமல் கருகிய வாடை. வண்ணார்பேட்டையில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் அண்ணாச்சியிடம் தூக்கிக்கொண்டு போனேன். "என்ன தம்பி, நூல்கண்டு மாதிரில்லா சுத்தி வச்சிருக்கிய?" என்றார். பிரித்துக்கொண்டே வந்தபோது ஓரத்தில் கண்டுபிடித்தோம்: மேலடுக்குக் கம்பி ஒன்று நழுவி மூன்று அடுக்குக்குக் கீழே இறங்கியிருந்தது. அங்கிருந்து எறும்புத் தடம் போல மெல்லிய கரிக்கோடு.

என் கோருக்கு, அதாவது டிரான்ஸ்பார்மரின் இரும்பு நடுப்பகுதிக்கு, வோல்ட்டுக்கு 1.6 சுற்று. 36 கேஜ் என்ற மெல்லிய கம்பியில் அடுக்குக்கு 260 சுற்று, அதாவது சுமார் 160 வோல்ட். கம்பி திரும்பும் முனையில் இரண்டு அடுக்குக்கும் நடுவே வோல்டேஜ் இல்லை என்றே சொல்லலாம். எதிர்முனையில் அதுவே 325. மொத்தம் 6,400 சுற்று, 25 அடுக்கு. கீறல் விழுந்த எனாமலை நம்பி இதைச் செய்யக் கூடாது.

இப்போது ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே மைலார் (கரண்ட் கடத்தாத மெல்லிய பிளாஸ்டிக் தாள்) வைக்கிறேன். இரண்டு ஓரத்திலும் கம்பியை 5 மி.மீ. முன்னதாகவே நிறுத்திவிடுவேன், மைலார் மட்டும் கம்பி சுற்றும் கூடான பாபினின் முழு அகலத்துக்கும் போகும். சுற்றி முடித்ததும் 100 வாட் குண்டு பல்பு போட்ட பெட்டிக்குள் ஒரு ராத்திரி காயவைத்து, குமிழி வருவது நிற்கும்வரை வார்னிஷில் முக்குகிறேன். ஐப்பசி மழையில் ஈரம் ஏறிய காயிலுக்கு இது கட்டாயம். உள்ளே காற்று தங்கினால் அங்கேதான் பொறி ஆரம்பிக்கும். இப்படிச் சுற்றிய இரண்டாவது டிரான்ஸ்பார்மர் இரண்டு வருடத்துக்கு மேல் ஓடுகிறது.

மெஷினைப் பற்றிக் குறை என்றால், இரண்டாம் வருடம் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து, சுற்றை எண்ணும் கவுண்டர் இடையிடையே எண்ணாமல் விட்டது. புஷ்ஷை மாற்றினேன். ஆனாலும் அடுக்குக்கு ஒரு கோடு நோட்டில் போடும் பழக்கத்தை விடவில்லை.

டெஸ்லா காயிலின் செகண்டரியையும் (பொறி பறக்கும் உயரமான சுருள்) இப்படி அடுக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். அதில் வோல்டேஜ் லட்சக்கணக்கில் ஏறும். இரண்டு அடுக்கு போட்டால் உச்சியும் அடியும் பக்கத்தில் வந்துவிடும், எந்த மைலாரும் தாங்காது. என்னுடையது 110 மி.மீ. பிவிசி பைப்பில் 28 கேஜ், ஒரே அடுக்காக 1,000 சுற்று. கம்பி 345 மீட்டர், சுருளின் உயரம் 42 செ.மீ.

அப்புறம் ஒன்று. இந்த டிரான்ஸ்பார்மர் ஆளைக் கொல்லும். பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டுதான் கிட்டப் போகிறேன். நீளமான பிவிசி குழாயில் கட்டிய கம்பியால், டெஸ்லா காயிலில் கரண்டைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டரை ஷார்ட் செய்துவிட்டுத்தான் எதையும் தொடுகிறேன்.