லான்காஸ்டர் பயணமா, 'தி பட்ஜெட்' வாசிப்பா?

நவீன வசதிகளை ஒதுக்கி எளிமையாக வாழும் அமெரிக்கக் கிறிஸ்தவப் பிரிவினரான ஆமிஷ் மக்களை வைத்துக் கதை எழுத நினைப்பவர் முதலில் பென்சில்வேனியாவின் லான்காஸ்டருக்கு டிக்கெட் எடுக்கத்தான் பார்ப்பார். போகலாம், கண்ணுக்கு நிறையக் கிடைக்கும். அங்கே குதிரைவண்டியின் கூண்டு சாம்பல் நிறம். ஒஹையோவின் ஹோம்ஸ் கவுண்டியில் கறுப்பு. இதை மாற்றி எழுதினால் விவரம் அறிந்த வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். ஆனால் சுற்றுலா வந்தவருக்கு வாசல்வரைதான். கேமராவை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். தங்களுக்குள் பேசுவதோ பென்சில்வேனியா ஜெர்மன்.

ஒஹையோவின் சுகர்கிரீக்கில் 1890இல் தொடங்கிய 'தி பட்ஜெட்' வார இதழ் வேறு ரகம். ஊர் ஊராக ஆமிஷ் மக்களும், அவர்களுக்கு நெருங்கிய பிரிவான மெனனைட் மக்களுமே எழுதும் கடிதங்கள்: இந்த ஞாயிறு யார் வீட்டில் வழிபாடு (ஆமிஷ் மக்கள் ஆலயக் கட்டடம் கட்டுவதில்லை, வீடுகளில்தான் கூடுவார்கள்), யாருக்குக் குழந்தை, யார் ஏணியிலிருந்து விழுந்தார், மழை எப்படி. முதல் பத்துக் கடிதங்கள் கொட்டாவி வரவழைக்கும். பிறகு காது பழகிவிடும். குடும்பச் சண்டையை மட்டும் அதில் தேட வேண்டாம்.

என் ஓட்டு இதழுக்கே. ஓராண்டு இதழ்களைப் படித்துவிட்டு, இலையுதிர்காலத் தொடக்கத்தில் லான்காஸ்டர் போங்கள். வீட்டுத் தோட்டத்தில் கல்யாண விருந்தில் தவறாமல் இடம்பெறும் செலரிக் கீரை வரிசைவரிசையாக நின்றால், அந்த வீட்டில் கல்யாணம் வருகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.