பாறைக் காட்டில் டிஸ்க் கால்ஃப்: பேஸ் பிளாஸ்டிக்கா, பிரீமியமா?

"ரெண்டுலயும் லெப்பர்டுன்னுதானே போட்டிருக்கு, அப்புறம் இதுக்கு மட்டும் எதுக்கு டபுள் விலை?"

டிஸ்க் கால்ஃப் என்பது பிளாஸ்டிக் தட்டை (டிஸ்க்) எறிந்து, சங்கிலி தொங்கும் கூடையில் குறைந்த எறிகளில் விழவைக்கிற ஆட்டம். அதற்குப் புதிதாக வருகிறவர் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். லெப்பர்டு ஒரு டிஸ்க்கின் பெயர். ஒரே டிஸ்க் விலை குறைந்த 'பேஸ்' பிளாஸ்டிக்கிலும் விலை கூடிய 'பிரீமியம்' பிளாஸ்டிக்கிலும் வரும். சமதளப் புல்வெளியில் மட்டும் எறிகிறவருக்குப் பதில் சுலபம்: விலை குறைந்ததை வாங்குங்கள், கவலையே வேண்டாம். ஆனால் பெங்களூரிலிருந்து சனிக்கிழமை விடியற்காலை கிளம்பி, ராமநகரம், கனகபுரா, இல்லை ஓசூரைத் தாண்டி தேன்கனிக்கோட்டைப் பக்கம், யாருடைய தோட்டத்திலாவது அனுமதி கேட்டு மடக்குக் கூடையை நிறுத்தி, பாறைக்கும் உண்ணிச்செடிக்கும் நடுவே எறிகிறவர்களுக்கு அந்தப் பதில் பொருந்தாது. (வனத்துறை நிலத்துக்குள் கூடையைத் தூக்கிக்கொண்டு போகிற வேலை வேண்டாம்.)

எங்கள் பக்கம் எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தூர எறிக்கான டிரைவரும் நடுத்தரத் தூரத்துக்கான மிட்ரேஞ்சும் பிரீமியம். கூடைக்குப் பக்கத்திலிருந்து போடுகிற புட்டர் மட்டும் பேஸ். கல் நிறைந்த மேட்டில் விளையாடுகிறவருடைய பை இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் கட்சி.

ஒவ்வொரு கம்பெனியும் தன் பிளாஸ்டிக்குக்குத் தனிப் பெயர் வைத்திருக்கிறது, அந்தப் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இன்னோவாவில் டிஎக்ஸ் என்பது பேஸ். ஸ்டார், சாம்பியன் இரண்டும் பிரீமியம். டிஸ்கிராஃப்டில் புரோ-டி பேஸ். இஎஸ்பி, இசட் பிரீமியம். லாட்டிட்யூட் 64-இல் ரெட்ரோ பேஸ். கோல்டு, ஆப்டோ பிரீமியம். அச்சு ஒன்றேதான், ஊற்றுகிற பிளாஸ்டிக்தான் வேறு. பிரீமியத்தில் இருப்பது பாலியூரித்தேன் வகை. தள்ளுவண்டிச் சக்கரத்துக்கும் செருப்பு அடிக்கும் போடுகிற அதே குடும்பம். உரசலுக்குச் சீக்கிரம் அசையாது.

விலை: பிரீமியம், பேஸைப் போல ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது கூரியர் கட்டணம் எடைக்குத்தான், பிளாஸ்டிக்கின் தரத்துக்கு இல்லை. 175 கிராம் டிஎக்ஸுக்கும் 175 கிராம் ஸ்டாருக்கும் அந்தச் செலவு ஒன்றே. அதனால் வீட்டு வாசலுக்கு வந்து சேரும்போது இரண்டுக்கும் உள்ள மடங்குக் கணக்கு, கடை விலையில் தெரிகிற அளவுக்கு இருக்காது.

பிடிமானம்: கையில் எடுத்தவுடன் பேஸ்தான் பிடிக்கும். கொஞ்சம் சொரசொரப்பு, விரல் நன்றாகப் பதியும். சாம்பியனும் இசட்டும் கண்ணாடி மாதிரி வழுவழுப்பு. தூறலில் விரலை விட்டு நழுவும். ஸ்டாரும் இஎஸ்பியும் இரண்டுக்கும் நடுவே. ஜூன் முதல் அக்டோபர் வரை மழைக்காலத்தில் விளையாடுகிறவர் ஸ்டார் பக்கம் சாய்வது நல்லது. பையில் இரண்டு துண்டு இருக்கட்டும், ஒன்று சேற்றைத் துடைக்க, மற்றது காய்ந்தே இருக்க.

இனி விஷயத்துக்கு வருவோம். முடிவு செய்வது மூக்கு. டிஸ்க்கின் வெளி விளிம்பில், காற்றைக் கிழித்துக்கொண்டு முன்னால் போகிற அந்த மெல்லிய ஓரம்.

ஒரு டிஎக்ஸ் டிரைவர் கருங்கல்லில் நேராக மோதி விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுத்து, கட்டைவிரலை விளிம்பைச் சுற்றி மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மோதிய இடத்தில் பிளாஸ்டிக் உள்ளே அமுங்கி, அதன் ஓரத்தில் மீன் செதில் போல ஒரு பிசிறு எழும்பி நிற்கும். அமுங்கிய இடத்தில் செம்மண் ஏறியிருக்கும். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் ஒரு பழுப்புக் கோடு மிச்சம் இருக்கும். அதே மோதலை ஒரு சாம்பியன் வாங்கினால் நகத்தால் கீறினாற்போல ஒரு வெள்ளைக் கோடு விழும், அவ்வளவுதான்.

அந்த அமுங்கல் அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. அச்சின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சேருகிற இடத்தில் டிஸ்க்கின் விளிம்பைச் சுற்றி ஒரு கோடு ஓடும். இது தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான் டிஸ்க்கின் குணத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. உயரமாக இருந்தால் டிஸ்க் வலப்பக்கம் திரும்ப மறுக்கும், கடைசியில் இடது பக்கம் சரியும். தாழ்ந்தால் சீக்கிரம் வலப்பக்கம் புரளும். (வலது கை பேக்ஹேண்டை வைத்துச் சொல்கிறோம், இடது கைக்காரர் திருப்பிப் போட்டுக்கொள்ளவும்.) ஒவ்வொரு மோதலும் விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்து, அந்தக் கோட்டைக் கீழே இறக்குகிறது. ஆகவே, முதுகில் 6, 5, -2, 1 என்று எண் (வரிசையாக வேகம், மிதப்பு, திருப்பம், கடைசிச் சரிவு) அச்சடித்த லெப்பர்டு, டிஎக்ஸில் சில வாரம் பாறையில் அடிபட்ட பிறகு -2 என்ற திருப்பத்தோடு நிற்காது. எண் அப்படியே இருக்கும், டிஸ்க் வேறு ஆகியிருக்கும்.

சமதளத்தில் இதனால் பெரிய நஷ்டம் இல்லை. முப்பதடி வலது பக்கம் தள்ளி விழும், நடந்துபோய் எடுத்துக்கொள்ளலாம். மேட்டில் அப்படி இல்லை. மேலே நின்று கீழே உள்ள கூடைக்கு எறியும்போது டிஸ்க் காற்றில் இருக்கிற நேரம் கூடுகிறது. எந்தப் பக்கம் வளையத் தொடங்கினாலும் அந்த வளைவு பெரிதாகிக்கொண்டே போகும். புரண்ட டிஸ்க் தரையைத் தொடும்வரை புரண்டுகொண்டே, வலது பக்கச் சரிவில் இறங்கி, புதர் தாண்டி எங்கோ போய் நிற்கும். பாறை மேட்டில் தொலைகிற டிஸ்க்குகளில் நிறைய, மோசமாக எறிந்ததால் தொலைவதில்லை. போன மாதம் பறந்த மாதிரியே பறக்கும் என்று நம்பி எறிந்ததால் தொலைகின்றன.

பேஸ் கட்சிக்காரர்கள் இதற்கு நல்ல பதில் ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒரே அச்சில் மூன்று டிஎக்ஸ் வாங்கி, ஒன்று புதுசு, ஒன்று அரைத் தேய்மானம், ஒன்று முழுத் தேய்மானம் என்று வைத்துக்கொண்டால் மூன்று விதமான பறத்தல் கிடைக்கும். கை பழகிய அச்சு ஒன்றே போதும். ராக் என்ற பெயருள்ள மிட்ரேஞ்ச் டிஸ்க்கை இப்படிச் சுழற்சியில் வைத்து விளையாடுவது பழைய வழக்கம். மரமும் புல்லும் உள்ள கோர்ஸில் அது அருமையாக வேலை செய்யும், ஏனென்றால் அங்கே தேய்மானம் மெதுவாக, ஒரே சீராக நடக்கும். கருங்கல்லில் தேய்வதில்லை, உடைபடுகிறது. ஒரே மோதலில் புதுசு அரைத் தேய்மானம் ஆகிவிடும். மூன்று டிஸ்க்கும் ஒரே வாரத்தில் ஒரே நிலைக்கு வந்து நின்றால் சுழற்சிக்கு அர்த்தம் இல்லை.

இந்தக் கணக்கெல்லாம் 300 அடிக்குள் எறிகிற கைக்குப் பொருந்தும். அதைவிட வேகமான கை பிரீமியத்தையும் சீக்கிரம் அடித்து இறக்கிவிடலாம்.

பிரீமியத்தின் குறையையும் சொல்ல வேண்டும், அதுவும் நம் ஊரில் கூடுதலாகத் தெரிகிற குறை. ஒரே அச்சு என்றாலும் பிரீமியத்தில் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே பேஸைவிட இடச் சரிவு அதிகம். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேலே இருக்கிறது, நந்தி மலை உச்சி 1,478 மீட்டர். காற்று சென்னையைவிட மெலிசு. மெலிந்த காற்றில் டிஸ்க்கைத் திருப்புகிற விசையும் மிதக்க வைக்கிற விசையும் குறைவதால், அது இன்னும் பிடிவாதமாக இடது பக்கம் விழும். மேல்நோக்கி எறிந்தால் கேட்கவே வேண்டாம். வேகம் சட்டென்று இறங்கி, பாதி வழியிலேயே சரிந்துவிடும். "பிரீமியம் வாங்கினேன், எல்லாம் லெஃப்ட்லதான் போகுது" என்ற புலம்பலுக்கு இதுதான் காரணம்.

பேஸுக்குத் திரும்புவது இதற்குத் தீர்வு இல்லை. அச்சை ஒரு படி இளக்கமாக எடுங்கள். டிஎக்ஸில் டீபேர்டு (7, 5, 0, 2) எறிந்தவர் ஸ்டாரில் லெப்பர்டு3 (7, 5, -2, 1) எடுக்கட்டும். எடையையும் குறைக்கலாம்: 175-க்குப் பதில் 165 கிராம் மேட்டில் ஏறுவதற்கு நன்றாக ஒத்துழைக்கும். டெஸ்ட்ராயர் மாதிரி 12 வேகத்து டிஸ்க்கை இந்தக் கை வேகத்துக்கு எந்தப் பிளாஸ்டிக்கிலும் வாங்க வேண்டியதில்லை.

ஃபோர்ஹேண்டுக்கென்று இடச் சரிவு அதிகமுள்ள டிஸ்க் ஒன்று வைத்திருப்பவர் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பிரீமியத்திலேயே வாங்கலாம். தன் சரிவை இழந்துவிட்டால் அதற்குப் பையில் வேலையே இல்லை.

"தொலையப் போற டிஸ்க்குக்கு எதுக்கு இவ்வளவு காசு?" என்பது அடுத்த வாதம். நியாயமானதுதான். பிடிஜிஏ என்கிற டிஸ்க் கால்ஃப் சங்கத்தின் விதிப்படி தேடத் தொடங்கி மூன்று நிமிடத்துக்குள் கிடைக்காவிட்டால் டிஸ்க் தொலைந்தது, ஓர் எறி அபராதம். ஆனால் மூன்று நிமிடத்தில் கிடைக்குமா என்பதை விலையைவிட நிறம் அதிகம் தீர்மானிக்கிறது. பூத்த உண்ணிச்செடியில் இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் மஞ்சளும் ஏற்கெனவே இருக்கின்றன. கடையில் பளிச்சென்று தெரிந்த பிங்க் டிஸ்க் அங்கே இன்னொரு பூங்கொத்து. சிவப்பு செம்மண்ணோடு போய்விடும். பிப்ரவரி, மார்ச்சில் புல் காய்ந்து வெளிறியிருக்கும்போது மஞ்சள் உதவாது. ஆண்டு முழுக்கத் தெரிகிறது வெளிர் நீலம்தான். கரு நீலம் நிழலோடு கலந்துவிடும். இங்கே சாம்பியனுக்கும் இசட்டுக்கும் ஒரு பாதகம் உண்டு. அவை ஒளி ஊடுருவுகிற பிளாஸ்டிக், கீழே உள்ள புல்லின் நிறத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். காட்டுக்கு ஸ்டார், இஎஸ்பி, கோல்டு போன்ற ஒளி ஊடுருவாத வகைதான் எங்கள் தேர்வு. பாறை இடுக்கில் விழுந்ததைக் கையை விட்டுத் துழாவ வேண்டாம். கண்ணாடி விரியனுக்கும் அதே இடுக்குதான் வசதி. நீளமான ஒரு கம்பு பையோடு இருக்கட்டும்.

புட்டருக்கு ஏன் பேஸ்? கூடையைச் சுற்றிப் பத்து மீட்டருக்குள் டிஸ்க் மெதுவாகத்தான் போகிறது. கல்லில் விழுந்தாலும் டிரைவர் அளவுக்கு அடிபடாது, மூக்கும் தடிமனானது. இங்கே வேண்டியது இரண்டு: விரலில் ஒட்டி, விடும்போது ஒரே மாதிரி விடுபட வேண்டும், சங்கிலியில் பட்டதும் துள்ளாமல் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டிலும் பேஸ் மேல். மூன்றாவதாக, சரிவில் கூடை இருந்தால் தவறிய புட் விளிம்பில் நின்று சக்கரமாக உருளத் தொடங்கும், நாற்பதடி கீழே போய்த்தான் நிற்கும். கெட்டியான பிரீமியம் தரையில் எகிறி, நிமிர்ந்து, ஓடும். இளகிய பேஸில் வார்த்த அவியார் என்ற புட்டர் பொத்தென்று படுக்கும். உருளாது என்று உத்தரவாதம் இல்லை, அடிக்கடி உருளாது. பாறை தெரிகிற சரிவில் கூடையின் பின்பக்கம் இறக்கம் இருந்தால், சங்கிலிக்கு நேராக வேகமாக அடிப்பதைவிட உயர்த்தி மெதுவாகப் போடுவது இன்னும் நல்லது.

அப்ரோச்சுக்கு, அதாவது தூரத்திலிருந்து கூடைப் பக்கம் கொண்டுவர எறிகிற புட்டர் தனி. அது பாறையில் விழும், அதைப் பிரீமியத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே அச்சில் இரண்டு, வேறு வேறு நிறத்தில்.

பராமரிப்பில் இரண்டுக்கும் வேலை ஒன்றுதான், அளவுதான் வேறு. பிசிறைப் பல்லால் கடித்து இழுப்பவர்கள் உண்டு, கூடாது. அது கிழிந்து இன்னும் ஆழமாகப் போகும். நகவெட்டியால் பிசிறின் தலையை மட்டும் வெட்டி, 400 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, விளிம்பு ஓடுகிற திசையிலேயே ஐந்தாறு முறை தேயுங்கள். குறுக்கே தேய்க்காதீர்கள். கீறலைச் சமன்படுத்தும் அளவுக்குத் தேய்க்க விதி இடம் தருகிறது. பறக்கும் விதம் மாறுகிற அளவுக்குத் தேய்த்தால் போட்டியில் அந்த டிஸ்க் செல்லாது. விரிசல் விட்டதும் ஓட்டை விழுந்ததும் அப்படியே. டிஎக்ஸ் டிரைவருக்கு ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் இந்த வேலை இருக்கும். ஸ்டாருக்கு எப்போதாவது.

வெயிலில் நிறுத்திய காருக்குள் இரண்டுமே கோணும். கோணிய டிஸ்க்கைக் கொதிக்காத வெந்நீரில் சில நிமிடம் போட்டு, எதிர்ப்பக்கம் லேசாக வளைத்து, தரை டைல்ஸில் கவிழ்த்து, பச்சைத் தண்ணீர் ஊற்றி ஆறவிடுங்கள். பிரீமியம் பெரும்பாலும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும்.

பட்ஜெட் நான்கு டிஸ்க்தான் என்றால் வாங்குகிற வரிசை இது: முதலில் ஸ்டாரில் ஒரு லெப்பர்டு, 165 கிராம் அளவில், வெளிர் நீலம். அடுத்து இஎஸ்பியில் பஸ் (Buzzz) என்ற மிட்ரேஞ்ச் ஒன்று. பிறகு டிஎக்ஸில் ஒரு அவியார், புட்டுக்கு மட்டும். நான்காவதாக முதல் லெப்பர்டையே இன்னொன்று. அதை வீட்டில் வையுங்கள். முதலாவது உண்ணிச்செடிக்குள் போகிற நாள் எப்படியும் வரும்.