ஐபேக்கா, ஜாரஸா, சையானா: பழைய பிடிஏ-ல எந்த ஓஎஸ் போடுறது

என் மேஜை டிராயர்ல இப்ப மூணு பழைய பிடிஏ, அதாவது நம்பர், டைரி எல்லாம் வச்சுக்கிற கையடக்கக் கம்ப்யூட்டர், கிடக்கு. ஒரு காம்பாக் ஐபேக் எச்3630, ஒரு ஷார்ப் ஜாரஸ் எஸ்எல்-5500, அப்புறம் மூடித் திறக்கிற ஜாரஸ் சி3100. நாலாவதா ஒரு சையான் 5எம்எக்ஸ் இருந்தது, அதை ஒரு நண்பருக்கு தூக்கிக் குடுத்துட்டேன், இன்னைக்கு வரைக்கும் அந்த வயித்தெரிச்சல் அடங்கல. போன வாரம் சித்தப்பா பையன் ஒருத்தன், "அண்ணே, செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு வாங்கி லினக்ஸ் போட்டுப் பாக்கலாம்னு இருக்கேன், எதுல எது போடட்டும்"னு கேட்டான். அவனுக்கு போன்ல சொல்ல ஆரம்பிச்சு முக்கால் மணி நேரம் ஓடிருச்சு, அதான் இங்க எழுதியே வச்சிடலாம்னு.

என் அளவுகோல் ஒண்ணே ஒண்ணுதான், முதல்லயே சொல்லிடுறேன். ரோட்டுல நின்னு பேசிட்டு இருக்கும்போது ஒருத்தர் போன் நம்பர் சொல்றார். சட்டைப்பையில இருந்து எடுத்து, பட்டனை அமுக்கி, பேரையும் நம்பரையும் ஏத்தி, திரும்பப் பையில போடணும். அதுக்குள்ள அந்த ஆளு "பேசாம பேப்பர்ல எழுதிக்கோங்க சார்"னு சொல்லக்கூடாது. அப்புறம் மறுநாள் பேட்டரி செத்தாலும் அந்த நம்பர் உள்ள இருக்கணும். ஆர்கனைசர்னு பேர் வச்ச சாமான் இதைச் செய்யலைன்னா அதுல டெர்மினல் ஓடுது, வெப் சர்வர் ஓடுதுன்னு சொல்லி என்ன பிரயோஜனம்.

முதல்ல ஐபேக். 2000-ல வந்தது, 206 மெகாஹெர்ட்ஸ் ஸ்ட்ராங்ஆர்ம் சிப், 32 எம்பி ராம், 16 எம்பி ஃபிளாஷ் (கரண்ட் போனாலும் அழியாத மெமரி), 240க்கு 320 ஸ்கிரீன். கடையில வித்தது மைக்ரோசாஃப்டோட குட்டி ஓஎஸ் விண்டோஸ் சிஇ-யோடதான், ஆனா லினக்ஸை இதுக்கு ஏத்தாப்புல மாத்துற வேலையை ஆரம்பிச்சதே காம்பாக்கோட கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிக்கூடத்து ஆளுங்க, ஹேண்ட்ஹெல்ட்ஸ் டாட் ஆர்க்னு ஒரு சைட் வச்சு வெளிய இருக்கிறவங்களையும் சேத்துக்கிட்டாங்க. அதுல இருந்து வந்த டிஸ்ட்ரோதான், அதாவது போட்டுக்க ரெடியா கட்டின லினக்ஸ் தொகுப்புதான், ஃபெமிலியர். கம்பெனிக்குள்ள இருந்தே ஒரு கை உதவி இருந்ததால ஹார்டுவேர் விவரம் எல்லாம் குத்துமதிப்பா இல்லாம சுத்தமா வந்தது, லினக்ஸ் இல்லாம வித்த மத்த பிடிஏ-ங்களுக்கு பெரும்பாலும் அந்த யோகம் கிடைக்கல.

போடுற முறை கொஞ்சம் வயித்தைக் கலக்கும். விண்டோஸ் சிஇ ஓடும்போதே பூட்பிளாஸ்டர்னு ஒரு புரோகிராமை ஓட்டி, இருக்கிற ஃபிளாஷை பேக்கப் எடுத்துட்டு, ஆன் பண்ணதும் ஓஎஸ்ஸை எழுப்பி விடுற பூட்லோடரை மாத்தி எழுதணும். எழுதுற அந்தக் கொஞ்ச நேரம் கையே படக்கூடாது, அதுல கெட்டா சிப்போட நேரா பேசுற ஜேடேக் கேபிளோட உக்காந்தாதான் உயிர் வரும். அது தாண்டிட்டா அப்புறம் ஒண்ணும் ஆகாது. எனக்கு நடந்ததைக் கேளுங்க, சீரியல் தொட்டில்ல வச்சு, 115200 வேகத்துல, எக்ஸ்மோடம்னு ஒரு பழைய முறை வழியா ரூட் இமேஜை, அதாவது முழு சிஸ்டமும் அடங்கின ஃபைலை, அனுப்பிட்டு இருந்தேன், 12 எம்பி ஃபைல், செகண்டுக்கு 11 கேபி சொச்சம்தான் போகும், ஆக கால் மணி நேரத்துக்கும் மேல. நடுவுல நான் காபி போடப் போயிட்டேன், லேப்டாப் தூங்கப் போயிருச்சு. வந்து பாத்தா ஐபேக் ஸ்கிரீன் வெள்ளையா நிக்குது. போச்சுடான்னு நினைச்சேன். நடு பட்டனை அமுக்கிட்டே ரீசெட் குத்தினதும் டெர்மினல்ல திரும்ப பூட்லோடர் பிராம்ப்ட் வந்துச்சு பாருங்க, அப்ப வந்த நிம்மதி இருக்கே. மறுபடி முதல்ல இருந்து அனுப்பினேன், இந்தத் தடவை பக்கத்துலயே உக்காந்துட்டு.

ஃபெமிலியர் போட்டதுல பெரிய லாபம் என்னன்னா, அந்தக் காலத்து விண்டோஸ் சிஇ நம்ம டேட்டாவை எல்லாம் ராம்லதான் வச்சிருக்கும், பேட்டரி அடியோட செத்தா விலாசமும் டைரியும் காலி. ஃபெமிலியர் ஜேஎஃப்எஃப்எஸ்2-னு ஃபிளாஷுக்குன்னே எழுதின ஃபைல் சிஸ்டத்துல வைக்கும், அமுக்கிச் சுருக்கி வேற வைக்கும், அதனால 16 எம்பி-ல நிறையவே அடங்கும். ஒரு வாரம் சார்ஜ் போடாம விட்டுட்டு வந்தாலும் நம்பர் அப்படியே இருக்கும். பூட் ஆகும்போது ஃபிளாஷ் முழுக்கத் துழாவிப் பாக்கும், அந்த நேரம் கொஞ்சம் எரிச்சல்தான், ஆனா தினமும் பூட் பண்றது இல்லையே, சஸ்பெண்ட்தானே.

இதுல உள்ளூர் சண்டை ஒண்ணு இருக்கு: ஓபியா, ஜிபிஇ-யா. ரெண்டும் லினக்ஸ் மேல உக்கார்ற, நாம தொட்டுப் பாக்குற திரை, டைரி, அட்ரஸ் புக் சேந்த தொகுப்பு. ஓபி, டிரோல்டெக் கம்பெனியோட க்யூடோபியாங்கிற அதேமாதிரித் தொகுப்புல இருந்து பிரிஞ்சு வந்தது, லினக்ஸ்ல வழக்கமா திரையைக் கவனிக்கிற எக்ஸ் சர்வரே இல்லாம நேரா ஸ்கிரீன்ல வரையும். ஜிபிஇ-க்கு கீழ அந்த எக்ஸ் (எக்ஸ்11), பட்டன், மெனு எல்லாம் வரையுற ஜிடிகே, மேட்ச்பாக்ஸ் விண்டோ மேனேஜர்னு ஒரு முழு டெஸ்க்டாப்பையே குட்டியாக்கி வச்சிருப்பாங்க. 32 எம்பி ராம்ல வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும், ஓபி-ல அட்ரஸ் புக்கைத் தொட்டா திறந்துடும், ஜிபிஇ-ல தொட்டுட்டு நாம ஒரு மூச்சு விட்டுக்கலாம். ஓபி தகவலை எக்ஸ்எம்எல்ங்கிற வெறும் எழுத்து ஃபைலா வைக்கும், ஜிபிஇ எஸ்க்யூலைட் டேட்டாபேஸ்ல வைக்கும். எக்ஸ்எம்எல்னா இன்னைக்கும் எந்த எடிட்டர்லயும் திறந்து என் பழைய நம்பர் எல்லாத்தையும் எடுத்துடலாம், அது ஒரு சௌகரியம்.

ஆனா ஒரு இடத்துல ஜிபிஇ அடிச்சுத் தூக்கிடும், தமிழ்ல. ஓபி-க்கு அடியில இருந்து திரையில வரையுற க்யூடி பழசு, யூனிகோட் தெரியும், நம்ம எழுத்தைக் கோக்கத் தெரியாது. 'பெரியப்பா'ன்னு சேத்து வச்சேன், முதல்ல ப, அதுக்குப் பின்னாடி அனாதையா ஒரு கொம்பு, அப்புறம் ரியப்பான்னு காட்டுச்சு. 'கொழுந்தனார்' இன்னும் மோசம். ஜிபிஇ-ல எழுத்தைக் கோக்கிற பாங்கோ இருக்கு, அதோட இந்திய மொழி மாட்யூலைத் தனியா போட்டு, ஒரு தமிழ் ஃபாண்டையும் காப்பி பண்ணிட்டா பெரியப்பா முறைப்படி பெரியப்பாவாவே வருவார். தமிழ்ல டைப் பண்றது வேற கதை, அதுல ரெண்டுமே கை விரிச்சிடும், கம்ப்யூட்டர்ல அடிச்சு உள்ள ஏத்தணும். ஸ்டைலஸ்ல கிறுக்கி எழுத ஜிபிஇ பக்கம் எக்ஸ்ஸ்ட்ரோக்னு ஒண்ணு உண்டு, ஸ்கிரீன் முழுக்க எங்க வேணா எழுதலாம், பழகினா நல்லா வரும், பழகுற வரைக்கும் எல்லா g-யும் 9 ஆகும், அதாவது நான் எழுதுற ஜி.

ஐபேக்கோட கேடு ரெண்டு. கீபோர்டு கிடையாது, மெமரி கார்டு போடணும்னா முதுகுல ஒரு ஜாக்கெட் மாட்டணும், மாட்டினா செங்கல் மாதிரி ஆயிடும். அதைவிட மோசம் பேட்டரி, உள்ளயே ஒட்டி மூடிட்டாங்க. என்னோடது உப்பிப்போய் ஸ்கிரீனை ஒரு பக்கம் தூக்க ஆரம்பிச்சிருச்சு, திறந்து மாத்தறதுக்குள்ள போதும் போதும்னு ஆச்சு.

ஜாரஸ் 5500 அப்படி இல்ல. 2002-ல ஷார்ப் விக்கும்போதே லினக்ஸோட வித்தது, உள்ள க்யூடோபியா, கீழ் பக்கத்தை இழுத்தா குட்டிக் கீபோர்டு, எஸ்டி, சிஎஃப்னு ரெண்டு வகை மெமரி கார்டுக்கும் இடம், பேட்டரியைக் கழட்டலாம். அப்ப ஏற்கெனவே லினக்ஸ் இருக்கிறதுல எதுக்கு வேற லினக்ஸ்னு கேக்கலாம், நியாயமான கேள்வி. பதில் ராம்ல இருக்கு. ஷார்ப் குடுத்த ரோம்ல (ஃபிளாஷ்ல ஏத்தி வர்ற ஓஎஸ் தொகுப்பை இப்படித்தான் சொல்வாங்க) ஃபிளாஷ் படிக்க மட்டும்தான், 64 எம்பி ராமை ரெண்டாப் பிரிச்சு ஒரு பாதியில நம்ம ஃபைலை வைப்பாங்க. ஆக புரோகிராமுக்கு மிச்சம் பாதிதான், பேட்டரி செத்தா நம்பரும் போச்சு, விண்டோஸ் சிஇ-யைத் திட்டின அதே திட்டு இங்கயும் பொருந்தும். ஜாரஸுக்குன்னு தனியா கட்டின ஓப்பன்ஜாரஸ்ங்கிற லினக்ஸ் இதைத்தான் மாத்துச்சு. அதுல கெர்னலே, அதாவது ஓஎஸ்ஸோட மையப் பகுதியே, ரகம் ரகமா இருக்கும், 64-0, 48-16, 32-32னு, முதல் நம்பர் புரோகிராமுக்கு, ரெண்டாவது ராம்லயே ஃபைல் வைக்கிற ராம் டிஸ்குக்கு. கண்ணை மூடிட்டு 64-0 எடுங்க, ஃபைல் எல்லாம் ஃபிளாஷ்லயும் கார்டுலயும் இருக்கட்டும்.

போடுறதும் சுலபம். சிஎஃப் கார்டுல கெர்னலும் இமேஜும் ரெண்டு ஃபைல், சார்ஜரை மாட்டி, சி, டி ரெண்டு கீயையும் அமுக்கிட்டே பின்னாடி ரீசெட்டைக் குத்தணும், ரெண்டு லைட் எரியும், அணைஞ்சா வேலை முடிஞ்சது. அந்த முறை ஃபிளாஷ்ல நாம எழுதுற இடத்துக்கு வெளிய இருக்கிறதால எத்தனை தடவை சொதப்பினாலும் திரும்பப் போடலாம், நான் ஒரே ராத்திரியில அஞ்சு தடவை போட்டிருக்கேன். ஷார்ப் ரோமை விட்டா இழக்கிறது ஹான்காம் ஆபீஸும் ஓபெரா பிரவுசரும்தான், வேர்டு ஃபைல் திறக்கணும்னு அடம் பிடிக்கிறவங்க அங்கேயே இருங்க. மத்தபடி 5500, ஓப்பன்ஜாரஸ், ஓபி, இந்த மூணும் சேந்த கூட்டணிதான் என் ரோட்டோரப் பரீட்சையில முதல் மார்க். இழு, அடி, மூடு, அவ்ளோதான்.

சி3100 வேற ஜாதி. 416 மெகாஹெர்ட்ஸ், 640க்கு 480 ஸ்கிரீன், உள்ளயே 4 ஜிபி மைக்ரோடிரைவ், அதாவது நிஜமாவே சுத்துற ஹார்டு டிஸ்க், காதுல வச்சா கிர்ருனு கேக்கும். ஜப்பான்ல மட்டும் வித்தது. இதுல ஷார்ப் ரோமையே சீர்பண்ணின காக்கோ இருக்கு, எக்ஸ்11 வச்ச பிடிஏஎக்ஸ்ரோம் இருக்கு, ஓப்பன்ஜாரஸும் இருக்கு. ஃபிளாஷ் மெனு முழுக்க ஜப்பானிய மொழி, நாலை அமுக்கு, அப்புறம் ரெண்டு, அப்புறம் ஒய், இதை மந்திரம் மாதிரி மனப்பாடம் பண்ணி வச்சிருக்கேன், திரையில என்ன எழுதியிருக்குன்னு இன்னைக்கும் தெரியாது. ஆனா அதுக்கு முன்னாடி டி, எம் கீயை அமுக்கிட்டு வர்ற டயக்னாஸ்டிக் மெனுவுல போய் ஃபிளாஷ் முழுசையும் கார்டுக்கு பேக்கப் எடுத்துடுங்க, சத்தியமா சொல்றேன், எடுத்துடுங்க.

இதுல நான் கடைசியா நின்னது ஓப்பன்பிஎஸ்டி, லினக்ஸ் இல்லாத வேற ஓஎஸ். 2005 வாக்குல இந்த ஜாரஸுக்குன்னே போர்ட் வந்தது, 2016 வாக்குல கைவிட்டுட்டாங்க. அதுல எனக்குப் பிடிச்சது ஷார்ப் லினக்ஸைத் தொடவே தொடாது. முதல்ல அதுதான் எழும், அதுல ஒரு கெர்னல் மாட்யூலை ஏத்தி, அது வழியா மைக்ரோடிரைவ்ல இருக்கிற ஓப்பன்பிஎஸ்டி-க்குத் தாவும். லினக்ஸை வாசப்படியா மட்டும் வச்சுக்கிட்டு உள்ள பிஎஸ்டி குடித்தனம் பண்ணுது, நினைச்சா சிரிப்பு வரும். மேன் பக்கம்னு சொல்ற கையேடு எல்லாம் முழுசா இருக்கும், கம்பைலர் அதுலயே ஓடும், வேற கம்ப்யூட்டருக்குள்ள தூரத்துல இருந்தே நுழையுற எஸ்எஸ்எச் அட்டகாசம், ரயில்ல மேல் பெர்த்துல படுத்துட்டு அதுல புரோகிராம் எழுதியிருக்கேன். ஆனா அட்ரஸ் புக்? ஒரு டெக்ஸ்ட் ஃபைல், அதுல தேட ஒரு கிரெப் கமாண்ட், அவ்ளோதான். ரோட்டுல நின்னு நம்பர் ஏத்த எடிட்டரைத் திறக்கணும். என் பரீட்சையில ஃபெயில், ஆனாலும் டிராயர்ல இருந்து நான் அடிக்கடி எடுக்கிறது இதைத்தான், இந்த முரண்பாட்டுக்கு என்கிட்ட விளக்கம் கேக்காதீங்க.

சையான் 5எம்எக்ஸ் பத்தி ஒரு வார்த்தை. 36 மெகாஹெர்ட்ஸ், 16 எம்பி ராம், ரெண்டு சாதா டபுள்-ஏ செல், அந்த அளவுல அதுமாதிரி கீபோர்டு அதுக்கப்புறம் நான் பாக்கல. லினக்ஸ் சிஎஃப் கார்டுல இருந்து, ஆர்லோங்கிற லோடர் வழியா, சையானோட சொந்த ஓஎஸ் ஈபாக்ல இருந்தே எழும். ஈபாக் அழிக்க முடியாத ரோம் சிப்ல இருக்கிறதால எதுவும் கெட்டுப்போக வாய்ப்பே இல்ல, ரீசெட் பண்ணா பழையபடி வந்துடும், ராம்ல வச்சிருந்த ஃபைல் மட்டும் போகும், அதை முதல்லயே கார்டுல எடுத்துக்கணும். பயமில்லாம விளையாட இதுதான் சரி. ஆனா உண்மையைச் சொல்லணும்னா ஈபாக்ல இருக்கிற டைரி அவ்வளவு அருமையா இருக்கும்போது அதை விட்டுட்டு கருப்புத் திரையில ஷெல்லைப் பாத்துட்டு உக்கார்றது வேண்டாத வேலை, செல்லும் சீக்கிரம் தீரும்.

பாம் பைலட்ங்கிற பிடிஏ-ல யூசிலினக்ஸ் 1998-லயே ஓடுச்சு, மெமரியைப் பிரிச்சுக் காக்கிற எம்எம்யூ இல்லாத சிப்ல லினக்ஸ் ஓடும்னு காட்டினதுதான் பெருமை, டைரிக்கு ஆகாது. அஜெண்டா விஆர்3-ன்னு ஒரு பிடிஏ லினக்ஸோடவே 2001-ல வந்தது, 66 மெகாஹெர்ட்ஸ், பாவம், ரொம்ப மெதுவு. நம்ம பெங்களூர் சிம்ப்யூட்டரையும் சொல்லணும், ஐபேக்ல இருந்த அதே ஸ்ட்ராங்ஆர்ம், லினக்ஸ், 2004-ல அமிடாங்கிற பேர்ல கடைக்கு வந்தது, கையை ஆட்டினா பக்கம் புரளும், ஐஃபோனுக்கு மூணு வருஷம் முன்னாடி. கையில கிடைச்சா விலை பேசாம வாங்கிடுங்க, எனக்குக் கிடைக்கவே இல்ல.

இப்ப வாங்குறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஃபெமிலியர் 2006-ல 0.8.4-ஓட நின்னுடுச்சு, ஓப்பன்ஜாரஸ் 2007-ல கடையைக் கட்டிட்டு எல்லாரும் ஆங்ஸ்ட்ரோம்ங்கிற டிஸ்ட்ரோ பக்கம் போயிட்டாங்க, சின்ன மெஷினுக்கு லினக்ஸ் கட்ட அவங்க சேந்து செஞ்ச ஓப்பன்எம்பெடட்தான் பின்னாடி அதே வேலைக்கான யாக்டோவுக்கு அடித்தளமாச்சு. ஹேண்ட்ஹெல்ட்ஸ் சைட்டே இப்ப இல்ல. அதனால புரோகிராம் இறக்குற ஐபிகேஜி-ல பேர் அடிச்சா எதுவும் இறங்காது, பேக்கேஜை எல்லாம் ஏதாவது மிரர்ல, அதாவது நகல் சைட்ல, தேடி கார்டுல மொத்தமா சேத்து வச்சுக்கணும். பழைய சிஎஃப் வைஃபை கார்டு பெரும்பாலும் இன்னைக்கு ரூட்டரோட பேசாது, பாஸ்வேர்டு முறையே ஒத்துப்போகாது. யூஎஸ்பி வழியா நெட்வொர்க் மட்டும் இன்னும் வேலை செய்யுது, ஷார்ப் ரோம்னா அதோட நெட்வொர்க் அட்ரஸ் 192.168.129.201, என் வீட்டு லேண்ட்லைன் நம்பர் மறந்துபோச்சு, இது மறக்கல. கம்ப்யூட்டர் பக்கத்து லினக்ஸ் கெர்னல்ல அதுக்குன்னே ஜாரஸ்னு ஒரு டிரைவர் இருக்கு, கேபிளை மாட்டினா தானா ஏறும்.

சித்தப்பா பையன்கிட்ட 5500-தான் வாங்கச் சொன்னேன். வாங்கும்போது கீபோர்டு இழுக்கிற இடம் ஆடுதா, பேட்டரி மூடியோட கொக்கி உடையாம இருக்கான்னு பாத்து வாங்கு, அந்த மூடி சரியா பூட்டலைன்னா மெஷின் ஆனே ஆகாதுன்னு சொன்னேன். அவன் நேத்து மெசேஜ் போட்டிருக்கான், சி3100 வாங்கிட்டானாம், ஹார்டு டிஸ்க் சத்தத்தைக் கேக்கணும்னு ஆசையாம்.